திருக்காட்சிக் காலமும் நம்பிக்கைக்கான அழைப்பும்

திருக்காட்சித் திருநாள் என்பது இயேசு கிறித்து உலகின் எல்லா மக்களுக்கும் தம்மை வெளிப்படுத்தியதை நினைவுகூரும் கிறித்தவத் திருநாள் ஆகும். இது சனவரி 6 அன்று கொண்டாடப்படுகிறது. இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் கத்தோலிக்கர் இதனைச் சனவரி 2 முதல் 8 வரையுள்ள நாள்களில் வரும் ஞாயிறன்று கொண்டாடுகின்றனர். இத்திருநாளையும் அதைத் தொடர்ந்து வரும் வாரங்களையும் பல திருச்சபைகள் திருக்காட்சிக் காலம் என்று அழைக்கின்றன.

கிறித்துமசு விழா ஒரு குழந்தையின் பிறப்பைக் கொண்டாடுகிறது. அந்தப் பிறப்பு யாருக்காக என்ற கேள்விக்குத் திருக்காட்சி விடை தருகிறது. ஓர் ஊருக்கோ ஓர் இனத்திற்கோ மட்டும் உரியதன்று, அனைவருக்கும் உரியது என்பதே அந்த விடை. எனவே பிறரைக் கிறித்தவ நம்பிக்கையில் பங்குகொள்ள அழைப்பது இக்காலத்தின் மையக் கருத்தாக விளங்குகிறது. அந்த அழைப்பு எத்தகையது, எத்தகையதாக இருக்கக் கூடாது என்பதையும் இக்காலத்தில் வாசிக்கப்படும் விவிலியப் பகுதிகளே எடுத்துக்காட்டுகின்றன.

பெயர்கள்

இத்திருநாளின் கிரேக்கப் பெயர் எபிபானேயா. இச்சொல்லுக்கு வெளிப்படுதல், தோன்றுதல் என்று பொருள். கிழக்குத் திருச்சபைகளில் கடவுளின் வெளிப்பாடு என்ற பொருளில் தியோபனி என்ற பெயர் வழங்குகிறது. சிரியாக் மொழி மரபினர் இதனைத் தெனஹா என்பர். அச்சொல் உதயத்தைக் குறிக்கும்.

தமிழில் கத்தோலிக்கர் இதனை ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா என்று அழைக்கின்றனர். மக்கள் வழக்கில் மூன்று ராஜாக்கள் திருநாள் என்ற பெயரும் உண்டு. சீர்திருத்தத் திருச்சபையினர் பிரசன்னத் திருநாள் என்றும் எபிபனி என்றும் கூறுவர். ஆங்கிலிக்கத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூல், யூதரல்லாத மக்களுக்குக் கிறித்து வெளிப்பட்ட நாள் என்று இதற்கு விளக்கம் தருகிறது. பிறருக்கான அழைப்பு என்னும் கருத்து இந்த விளக்கத்திலேயே அமைந்திருக்கிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

திருக்காட்சி, கிறித்தவத்தின் மிகப் பழைய திருநாள்களுள் ஒன்று. கி.பி. 200 அளவில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த கிளமெந்து, ஒரு பிரிவினர் சனவரித் தொடக்கத்தில் இயேசுவின் திருமுழுக்கைக் கொண்டாடியதைக் குறிப்பிடுகிறார். மேற்கு நாடுகளில் இத்திருநாள் பற்றிய பழைய சான்று 361-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவ்வாண்டு சனவரியில் காலியாவின் வியன் நகரில் ஜூலியன் இத்திருநாள் வழிபாட்டில் கலந்துகொண்டார் என்று உரோமை வரலாற்றாசிரியர் அம்மியானுசு மார்செல்லீனுசு எழுதியுள்ளார்.

4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்குத் திருச்சபைகள் திசம்பர் 25-ஐயும், மேற்குத் திருச்சபை சனவரி 6-ஐயும் பரவலாக ஏற்றுக்கொண்டன. அப்போது ஒவ்வொரு நாளும் தனக்கெனச் சிறப்புப் பொருளைப் பெற்றது. மேற்கில் சனவரி 6 கீழ்த்திசை ஞானிகளின் வருகையை முதன்மையாக நினைவுகூரும் நாளானது. கிழக்கில் அது இயேசு யோர்தான் ஆற்றில் பெற்ற திருமுழுக்கின் நாளாக நிலைத்தது. ஆர்மீனிய அப்போசுதலிக்கத் திருச்சபை இன்றும் பிறப்பையும் திருமுழுக்கையும் சனவரி 6 அன்று சேர்த்தே கொண்டாடுகிறது.

பழைய மரபு இத்திருநாளில் மூன்று வெளிப்பாடுகளை இணைத்துக் காண்கிறது:

1. விண்மீனின் வழியே ஞானிகளுக்கு வெளிப்பட்டது.
2. யோர்தான் ஆற்றில் திருமுழுக்கின்போது வெளிப்பட்டது.
3. கானா ஊர்த் திருமண வீட்டில் தண்ணீரைத் திராட்சை இரசமாக மாற்றியபோது வெளிப்பட்டது.

ஞானிகளின் வருகை

ஞானிகள் வந்த செய்தி நான்கு நற்செய்திகளுள் மத்தேயு நற்செய்தியில் மட்டுமே (2:1-12) காணப்படுகிறது. இவர்களைக் குறிக்கும் கிரேக்கச் சொல் மாகோய் என்பது. வானியலும் கனவுகளின் பொருளும் அறிந்த கீழ்நாட்டு அறிஞர்களை அது குறித்தது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இவர்கள் சாஸ்திரிகள் என்றும், திருவிவிலியத்தில் ஞானிகள் என்றும் அழைக்கப்படுகின்றனர்.

இவர்கள் மூவர் என்றோ அரசர்கள் என்றோ மத்தேயு கூறவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்னும் மூன்று காணிக்கைகளைக் கொண்டு மூவர் என்ற மரபு தோன்றியது. சிரியாக் மரபில் பன்னிருவர் என்றும் கூறுவதுண்டு. எசாயா 60-ஆம் அதிகாரமும் திருப்பாடல் 72-உம் பிற நாட்டு அரசர்கள் காணிக்கையுடன் வருவதைப் பாடுவதால், காலப்போக்கில் இவர்கள் அரசர்களாகச் சித்திரிக்கப்பட்டனர். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களும் பிற்கால மரபில் வந்தவையே. உரோமை நகரின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் ஞானிகளின் வருகையைக் காட்டும் 3-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் உள்ளது.

இந்த நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்க ஒரு முரண் உண்டு. ஞானிகள் எருசலேமுக்கு வந்து குழந்தை எங்கே என்று விசாரித்தபோது, தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞர்களும் உடனே விடை சொன்னார்கள். மீக்கா இறைவாக்கினரின் நூலைக் காட்டி, பெத்லகேமில் என்றார்கள். எருசலேமிலிருந்து பெத்லகேம் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவே. ஆனால் விடை தெரிந்த அவர்கள் அங்கே போனதாக மத்தேயு எழுதவில்லை. விடை தெரியாத அயல்நாட்டினரே போனார்கள். நம்பிக்கை என்பது தகவலை அறிந்திருப்பது மட்டுமன்று, எழுந்து நடப்பதும் ஆகும் என்பதே இதன் பாடமாகப் போதிக்கப்படுகிறது. அழைக்கப்பட்டவர்களிடம் அழைப்பவர்களும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்ற கருத்தும் இதில் அடங்கியுள்ளது.

ஞானிகள் அழைக்கப்பட்ட முறையும் குறிப்பிடத்தக்கது. அவர்கள் அன்றாடம் பார்த்துப் பழகிய வானத்திலிருந்தே அவர்களுக்கு அடையாளம் கிடைத்தது. அதாவது, அவர்களுக்குத் தெரிந்த மொழியிலேயே அழைப்பு வந்தது. அவர்களின் அறிவும் தேடலும் இகழப்படவில்லை, வழியாகப் பயன்பட்டன. வணங்கிய பின் அவர்கள் தங்கள் நாட்டுக்குத் திரும்பினார்கள். அதன்பின் அவர்கள் என்ன ஆனார்கள் என்று நற்செய்தி கூறவில்லை.

ஏரோதின் போலி ஆர்வம்

அதே பகுதியில் நேர்மையற்ற பேச்சு ஒன்றும் இடம்பெறுகிறது. ஏரோது அரசன் ஞானிகளை மறைவாக அழைத்தான். குழந்தையைக் கண்டுபிடித்துத் தனக்கு அறிவிக்கும்படியும், தானும் சென்று வணங்கப்போவதாகவும் கூறினான். சொற்கள் பக்தியுடையவை. நோக்கமோ கொலை. ஞானிகள் கனவில் எச்சரிக்கப்பட்டு வேறு வழியாக ஊர் திரும்பினார்கள்.

வழிபாடு என்ற சொல்லை வேறு நோக்கத்திற்கு மறைப்பாகப் பயன்படுத்தலாம் என்பதைத் திருக்காட்சியின் முதன்மை வாசகமே காட்டிவிடுகிறது. எனவே அழைப்பைப் பற்றிப் பேசும்போது, அழைப்பவரின் உள்நோக்கம் என்ன என்ற கேள்வியும் உடன் எழுகிறது. விண்மீன் வழி காட்டியதே தவிர எவரையும் பிடித்து இழுக்கவில்லை. ஏரோதோ பிறரின் தேடலைத் தன் ஆதாயத்திற்குப் பயன்படுத்த முயன்றான். உண்மையான அழைப்புக்கும் போலியான அழைப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இக்காலத்தின் வாசகங்கள்

திருக்காட்சிக் காலத்தின் அளவு திருச்சபைக்குத் திருச்சபை மாறுபடும். கத்தோலிக்க வழிபாட்டு ஆண்டில் கிறித்து பிறப்புக் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவுடன் முடிகிறது. இங்கிலாந்துத் திருச்சபையில் இக்காலம் பெப்ரவரி 2 வரை நீள்கிறது. வேறு சில திருச்சபைகள் தவக்காலத் தொடக்கமான திருநீற்றுப் புதன் வரையுள்ள ஞாயிறுகளைத் திருக்காட்சிக்குப் பின்வரும் ஞாயிறுகள் என்று எண்ணுகின்றன.

சீர்திருத்தத் திருச்சபைகள் பலவும் பயன்படுத்தும் மூன்றாண்டு வாசக அட்டவணை 1992-இல் வெளியானது. அதில் இக்காலத்திற்குரிய நற்செய்திப் பகுதிகள் பின்வருமாறு அமைந்துள்ளன:

திருக்காட்சித் திருநாள்: ஞானிகளின் வருகை.
முதல் ஞாயிறு: இயேசுவின் திருமுழுக்கு.
இரண்டாம் ஞாயிறு: முதல் சீடர்கள் இயேசுவைத் தேடிச் செல்வது, பிலிப்பு நத்தனியேலை அழைப்பது, கானா ஊர்த் திருமணம் ஆகியவை ஆண்டுக்கு ஒன்றாக மாறி வரும்.
மூன்றாம் ஞாயிறு: மீனவர்கள் அழைக்கப்படுவது அல்லது நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு பேசுவது.
இறுதி ஞாயிறு: மலைமேல் இயேசு தோற்றம் மாறியது.

இவ்வரிசையில் ஒரு வளர்ச்சி தெரிகிறது. முதலில் வெளிச்சம் தோன்றுகிறது. அதைக் கண்டவர்கள் வருகிறார்கள். வந்தவர்கள் பிறரிடம் சென்று சொல்கிறார்கள்.

யோவான் நற்செய்தியில் அழைப்பு

ஒருவர் மற்றொருவரை நம்பிக்கைக்கு அழைப்பது எவ்வாறு என்பதை விளக்க, யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம் இக்காலத்தில் அதிகமாக எடுத்தாளப்படுகிறது.

திருமுழுக்கு யோவானின் சீடர் இருவர் இயேசுவின் பின்னே நடக்கிறார்கள். இயேசு திரும்பிப் பார்த்து, அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கேட்கிறார். அந்நற்செய்தியில் அவர் பேசும் முதல் பேச்சே ஒரு கேள்விதான். அவர்கள் அவர் தங்கியிருக்கும் இடத்தைக் கேட்க, வந்து பார்க்கும்படி அழைக்கிறார். அவர்கள் போய், அன்று அவரோடு தங்குகிறார்கள். அப்போது பிற்பகல் நான்கு மணியளவு என்று நற்செய்தி குறிக்கிறது. அங்கே என்ன பேசப்பட்டது என்பதை அது எழுதவில்லை. நேரத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது.

அந்த இருவருள் ஒருவரான அந்திரேயா, தம் சகோதரர் சீமோனைத் தேடிப் பிடித்து இயேசுவிடம் கூட்டிவருகிறார். அந்தச் சீமோனே பின்னர் பேதுரு என்று பெயர் பெற்றார். அந்திரேயா பெரிய சொற்பொழிவு ஆற்றியதாக விவிலியத்தில் இல்லை. அந்நற்செய்தியில் பின்னரும், ஐந்து அப்பங்கள் வைத்திருந்த சிறுவனைச் சுட்டிக்காட்டியவரும், இயேசுவைக் காண விரும்பிய கிரேக்கர்களைப் பற்றிப் பிலிப்புவுடன் சேர்ந்து சொன்னவரும் அவரே. ஆளுக்கு ஆள் அறிமுகம் செய்து வைத்தவர் என்று மரபு அவரைப் போற்றுகிறது.

மறுநாள் பிலிப்பு தம் நண்பர் நத்தனியேலிடம் செய்தியைச் சொல்கிறார். நாசரேத்தூர் இயேசு என்றதும், அந்த ஊரிலிருந்து நல்லது எதுவும் வரக்கூடுமா என்று நத்தனியேல் கேட்கிறார். ஊரை வைத்து ஆளை மதிப்பிடும் கேள்வி அது. பிலிப்பு கோபப்படவில்லை. நாசரேத்தின் பெருமையை எடுத்துக்கூறி வாதாடவுமில்லை. வந்து பார்க்கும்படி மட்டுமே சொல்கிறார். நத்தனியேல் தம் ஐயத்துடனேயே வருகிறார். இயேசுவும் அந்த ஐயத்தைக் குற்றமாகச் சொல்லாமல், அவர் கபடற்றவர் என்று பாராட்டுகிறார்.

நான்காம் அதிகாரத்தில் சமாரியப் பெண்ணும் இதே முறையைப் பின்பற்றுகிறார். அவர் தண்ணீர்க் குடத்தைக் கிணற்றருகே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடி, ஒருவரை வந்து பார்க்கும்படி மக்களிடம் சொல்கிறார். அவர் மெசியாவாக இருப்பாரோ என்று கேள்வியாகவே கேட்கிறார். ஊரார் வந்து, தாங்களே கேட்டபின், இனி அவர் சொன்னதற்காக அன்று, தாங்களே கேட்டதால் நம்புவதாகக் கூறுகிறார்கள். அழைப்பவரின் வேலை எங்கே முடிகிறது என்பதை இந்தப் பகுதி தெளிவாகக் காட்டுகிறது.

அழைப்பின் இயல்புகள்

இந்தப் பகுதிகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போது சில பொதுவான இயல்புகள் புலப்படுகின்றன.

1. அறிமுகமானவரிடம் தொடங்குதல்: அந்திரேயா சகோதரரிடமும், பிலிப்பு நண்பரிடமும், சமாரியப் பெண் தன் ஊராரிடமும் பேசினர். முன்பே உள்ள உறவின் நம்பிக்கையில் அழைப்பு பிறந்தது.

2. கேட்டபின் பேசுதல்: தேடுவது என்ன என்று முதலில் கேட்கப்படுகிறது. மற்றவரின் தேவையும் ஐயமும் அறியாமல் விடை சொல்லப்படுவதில்லை.

3. தாம் கண்டதைச் சொல்லுதல்: அழைத்தவர்கள் தங்களுக்கு நேர்ந்ததையே சொன்னார்கள். மற்றவரின் நம்பிக்கையைப் பழித்துப் பேசவில்லை.

4. தொடர்ந்து வரவேற்றல்: வந்தவர்களுக்குத் தங்க இடமும் நேரமும் கிடைத்தன. அழைத்துவிட்டு வாசலில் நிறுத்துவது அழைப்பு ஆகாது.

5. முடிவை விட்டுவிடுதல்: வருவதா, தங்குவதா, திரும்புவதா என்பதை வந்தவரே தீர்மானிக்கிறார்.

இவற்றுள் ஐந்தாவதே மிகக் கடினமானது. தனக்கு அரியதாகத் தோன்றுவதை மற்றவர் ஏற்காமல் போகலாம் என்பதை ஒப்புக்கொண்டே அழைக்க வேண்டியிருக்கிறது. மறுத்தவருடனும் நட்பு குறையாமல் இருக்கும்போதுதான் அழைப்பில் உள்நோக்கம் இல்லை என்பது உறுதியாகிறது.

இக்காலத்து வழக்கங்கள்

அழைப்பும் விருந்தோம்பலும் பல நாடுகளின் திருக்காட்சி வழக்கங்களில் கலந்துள்ளன.

செருமனி, ஆசுதிரியா முதலிய நாடுகளில் சிறுவர் சிறுமியர் அரசர்களைப் போல் உடுத்தி, விண்மீன் பொருத்திய கோலுடன் வீடுவீடாகச் சென்று பாடுவர். இவர்களுக்கு விண்மீன் பாடகர் என்று பெயர். இவர்கள் உலகின் பிற பகுதிகளில் வாழும் ஏழைக் குழந்தைகளுக்காக நிதி திரட்டுகின்றனர். செருமனியில் 1959 முதல் இது நாடு தழுவிய முயற்சியாக நடைபெறுகிறது. கிறித்து இவ்வீட்டை ஆசீர்வதிப்பாராக என்று பொருள்படும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துகளையும் ஆண்டின் எண்ணையும் கதவு நிலையில் சுண்ணக்கட்டியால் எழுதும் வழக்கமும் உண்டு.

மெக்சிகோவில் இந்நாளில் வட்ட வடிவ இனிப்பு ரொட்டி வெட்டிப் பகிரப்படுகிறது. அதனுள் சிறு குழந்தைப் பொம்மை ஒன்று மறைத்து வைக்கப்படும். யாருடைய துண்டில் பொம்மை வருகிறதோ, அவர் பெப்ரவரி 2 அன்று மற்றவர்களை அழைத்து விருந்தளிக்க வேண்டும். கண்டவரே அடுத்து அழைப்பவர் ஆகிறார்.

கேரளத்தின் சிரியாக் மரபுக் கத்தோலிக்கர் தெனஹா திருநாளைப் பிண்டிப் பெருநாள் என்றும் அழைப்பர். வாழைத்தண்டை முற்றத்தில் நட்டு, அதில் விளக்குகள் ஏற்றி, கிறித்து உலகின் ஒளி என்பதை நினைவுகூர்வர். இரிஞ்ஞாலக்குடாவில் இப்பெருநாள் சிறப்பாகக் கொண்டாடப்படுகிறது. விளக்கு வாசலில் எரிவதால் வழியே போகும் அனைவருக்கும் அது தெரிகிறது.

கத்தோலிக்கத் திருச்சபையில் திருக்காட்சி, குழந்தைகளின் மறைபரப்பு நாளாகவும் அனுசரிக்கப்படுகிறது. நான்சி மறைமாவட்ட ஆயர் சார்லசு தெ போர்பின் ஜான்சன் 1843-இல் தொடங்கிய குழந்தைகளுக்கான மறைபரப்பு அமைப்பின் தொடர்ச்சி இது. குழந்தைகள் பிற குழந்தைகளுக்காகச் செபிப்பதும் உதவுவதும் இதன் நோக்கம். உலகளவில் இதற்கென ஒரு நாளைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இல் ஏற்படுத்தினார்.

சனவரி 18 முதல் 25 வரை கிறித்தவ ஒன்றிப்பு வாரமும் இக்காலத்திலேயே வருகிறது. இதன் தொடக்கம் 1908-ஆம் ஆண்டு. 2022-ஆம் ஆண்டுக்குரிய கருப்பொருளாக ஞானிகள் கண்ட விண்மீனே தேர்ந்தெடுக்கப்பட்டது. அதனை நடுக்கிழக்குத் திருச்சபைகள் மன்றம் ஆயத்தம் செய்தது.

கட்டாயம் அழைப்பாகாது: வரலாறு தரும் பாடம்

கிறித்தவ வரலாற்றில் அழைப்பு கட்டாயமாக மாறிய காலங்களும் உண்டு. 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிராங்கிய அரசர் சார்லமேன் சாக்சன் மக்களுடன் நீண்ட போர் புரிந்தார். தோற்ற மக்கள்மீது திருமுழுக்கு திணிக்கப்பட்டது. திருமுழுக்குப் பெற மறுத்து ஒளிந்துகொள்பவருக்கு மரண தண்டனை என்று சட்டமும் இயற்றப்பட்டது.

இதை எதிர்த்த குரல் அவரது அரசவையைச் சேர்ந்த அறிஞரிடமிருந்தே எழுந்தது. யார்க் நகரைச் சேர்ந்த ஆல்குயின் என்ற ஆசிரியர் 796-இல் எழுதிய மடல்களில், நம்பிக்கை மனவிருப்பத்தால் வருவது, வலிந்து வருவதன்று என்று வாதிட்டார். ஒருவரைத் திருமுழுக்குக்கு இழுத்துவரலாம், நம்பிக்கைக்கு இழுத்துவர முடியாது என்பதே அவர் கருத்தின் சாரம். முதலில் கற்பித்தல், பிறகே திருமுழுக்கு என்ற வரிசையையும் அவர் வலியுறுத்தினார்.

பிற்காலத்திலும் குடியேற்ற ஆட்சிகளின் கீழ் இத்தகைய தவறுகள் நிகழ்ந்துள்ளன. திருக்காட்சியின் பார்வையில் இவை அறத்திற்கு மட்டுமன்று, கொண்டாடப்படும் நிகழ்ச்சிக்கே முரணானவை. ஞானிகளைப் படைவீரர்கள் கொண்டுவந்து நிறுத்தவில்லை. படைவீரர்களை அனுப்பியவன் ஏரோதே.

திருச்சபைகளின் இன்றைய நிலைப்பாடு

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 திசம்பர் 7 அன்று சமய சுதந்திரம் பற்றிய அறிக்கையையும், மறைபரப்புப் பணி பற்றிய விதித்தொகுப்பையும் வெளியிட்டது. நம்பிக்கையைப் பரப்பும்போது வற்புறுத்தலோ, தகாத தூண்டுதலோ கூடாது என்று அவை கூறுகின்றன. குறிப்பாக ஏழைகளிடமும் கல்லாதவர்களிடமும் இதில் மிகுந்த கவனம் வேண்டும் என்பது அச்சங்கத்தின் போதனை.

2011 சூன் 28 அன்று செனீவாவில் உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவை, உலக நற்செய்திக் கூட்டமைப்பு ஆகிய மூன்றும் இணைந்து ஓர் ஆவணத்தை வெளியிட்டன. பல சமயத்தார் வாழும் உலகில் கிறித்தவச் சாட்சியம் எவ்வாறு அமைய வேண்டும் என்பது அதன் பொருள். அதில் 12 நெறிகளும் 6 பரிந்துரைகளும் உள்ளன. அவற்றின் சில கருத்துகள்:

ஏமாற்றும் ஆசை காட்டுதலும் சாட்சியத்தைக் கெடுப்பவை.
மக்களின் வறுமையையும் நோயையும் ஆதாயமாகப் பயன்படுத்தக் கூடாது.
பிற சமயங்களைப் பற்றிப் பொய்யாகப் பேசக் கூடாது.
சமயம் மாற விரும்பும் ஒருவருக்குச் சிந்திக்கவும் ஆயத்தம் செய்யவும் போதிய காலமும் முழு உரிமையும் இருக்க வேண்டும்.

இறுதியில் கூறியதற்கு ஒரு நடைமுறை வடிவமும் உண்டு. வயதுவந்தோரைக் கிறித்தவ வாழ்வில் சேர்ப்பதற்கான திருத்திய சடங்குமுறையைக் கத்தோலிக்கத் திருச்சபை 1972 சனவரி 6 அன்று, அதாவது திருக்காட்சித் திருநாளன்று, வெளியிட்டது. இதன்படி சேர்க்கை படிப்படியாக நடைபெறுகிறது. முதல் நிலை விசாரிக்கும் காலம். வந்தவர் கேள்வி கேட்கலாம், ஐயம் எழுப்பலாம், தொடராமலும் இருக்கலாம். அதன்பின் கற்கும் காலம், தூய்மைப்படுத்தும் காலம் ஆகியவற்றைக் கடந்தே திருமுழுக்கு அளிக்கப்படுகிறது. நத்தனியேலின் ஐயத்திற்கும் இம்முறையில் இடம் இருக்கிறது.

இந்தியச் சூழல்

இந்திய அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மனச்சான்றின் உரிமையையும், சமயத்தை ஏற்று, கடைப்பிடித்து, பரப்பும் உரிமையையும் அனைவருக்கும் வழங்குகிறது. 1977-இல் உச்ச நீதிமன்றம் இதனை விளக்கும்போது, தன் சமயக் கொள்கைகளை எடுத்துரைத்துப் பரப்புவது உரிமை என்றும், மற்றொருவரை மதம் மாற்றுவது என்பது தனி உரிமையாகாது என்றும் தீர்ப்பளித்தது. ஒடிசா (1967), மத்தியப் பிரதேசம் (1968) உள்ளிட்ட மாநிலங்கள் கட்டாய மதமாற்றத்தைத் தடுப்பதாகக் கூறும் சட்டங்களை இயற்றியுள்ளன. அச்சட்டங்கள் பற்றி மாறுபட்ட கருத்துகள் நிலவுகின்றன.

இச்சூழலில் கிறித்தவர்கள் பலர் இரு தயக்கங்களை எதிர்கொள்கின்றனர். நம்பிக்கையைப் பற்றி வாய் திறந்தாலே தவறாகக் கருதப்படுமோ என்ற அச்சம் ஒன்று. எதுவும் பேசாமல் இருந்தால் தமக்குக் கிடைத்ததைப் பிறரிடமிருந்து மறைப்பதாகுமோ என்ற உறுத்தல் மற்றொன்று. திருக்காட்சியின் வாசகங்கள் இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழியைக் காட்டுகின்றன. கண்டதைச் சொல்லலாம், வீட்டுக்கும் வழிபாட்டுக்கும் திருநாள் உணவுக்கும் அழைக்கலாம், கேட்டால் விளக்கலாம். அதற்கு மேல் உள்ளது மற்றவரின் மனச்சான்றுக்கு உரியது. பக்கத்து வீட்டாரின் திருநாளுக்கு அழைக்கப்படும்போது அதே மரியாதையுடன் செல்வதும் இந்த நெறியின் பகுதியே.

முடிவுரை

திருக்காட்சி, வெளிச்சத்தின் திருநாள் என்று சொல்லப்படுகிறது. வெளிச்சம் எவரையும் தள்ளுவதில்லை. அது இருக்கும் இடத்தையும் வழியையும் காட்டுகிறது, நடப்பது காண்பவரின் செயல். அழைப்பவர் உண்மையைச் சொல்ல வேண்டும், கதவைத் திறந்து வைக்க வேண்டும், வருபவரை அன்புடன் ஏற்க வேண்டும், திரும்பிச் செல்பவரையும் அதே அன்புடன் வழியனுப்ப வேண்டும். ஞானிகள் பெத்லகேமில் வீட்டுக்குள் சென்று குழந்தையைத் தாய் மரியாவுடன் கண்டார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். அந்த வீட்டின் கதவு அயலாருக்குத் திறந்திருந்தது. ஆண்டுதோறும் இத்திருநாள் நினைவூட்டுவது அதையே.